அம்மணிகிட்ட கேட்டீங்களா?

கோயமுத்தூர்க்காரர்கள் நாங்கள் சண்டையிலும் மரியாதையை விடமாட்டோம். பக்கத்து இடத்துக்காரன் நம் சுவரை இடித்துவிட்டால்கூட, “ஏனுங்க, இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களேங்க” என்றுதான் ஆரம்பிப்போம். உள்ளே கொதிக்கும், வாயில் ‘ங்க’ ஓடிக்கொண்டே இருக்கும். என் மகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவும் இந்தப் பக்கம்தான், அவிநாசியில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் பெரியவர்களிடம் பேசும்போது அவர் குழைந்து நான் பார்த்ததில்லை. “உக்காருங்க, சொல்லுங்க” வரைக்கும் வரும், அதற்கு மேல் ஒரு சொட்டு இனிப்பு கிடையாது. இனிப்பு அத்தனையையும் குழந்தைகளுக்கென்று எடுத்து வைத்திருந்தார். நாலு வயதுக் குழந்தையிடம் போய், “ஏனுங்க அம்மணி, ஊசி போட்ட எடம் இன்னும் வலிக்குதுங்களா?” என்று கேட்பார். அந்தக் குழந்தை தன்னைத்தான் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கும்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒரு விசாரணை நடந்து முடிந்திருக்கிறது, என்னால் இன்னொன்று வர வேண்டாம்.

நான் கோயமுத்தூர் கணபதியில் பம்ப்செட் மோட்டார் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருப்பவன். என் மகள் தாரணிக்குத் தோள்பட்டைக்குக் கீழே முதுகில் ஒரு கட்டி வந்தது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினோம். அது சுளுக்கு இல்லை என்று தெரிந்து, புற்றுநோய்க் குழந்தைகளைப் பார்க்கும் இந்த அம்மாவிடம் அனுப்பினார்கள். முதல் நாள் நான், என் மனைவி, மனைவியின் அண்ணன் மூன்று பேரும் கூடப் போயிருந்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்துவதுகூடக் கிடையாது, ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பாரா?

டாக்டரம்மா மூலையில் கிடந்த ஒரு குட்டை ஸ்டூலைக் காலாலேயே இழுத்துப்போட்டு, தாரணியின் முகத்துக்குக் கீழே வரும்படி உட்கார்ந்தார். “எங்கங்க வலிக்குது?” என்றார்.

“முதுகுலதானுங்க டாக்டர், ஒரு மாசமா...” என்று நான் ஆரம்பித்தேன்.

“உங்களுக்கா?”

“இல்லீங்க, பாப்பாவுக்கு.”

“நான் அவங்களைத்தான கேட்டேன்?”

மச்சான் முன்னால் எனக்கு முகம் சிவந்துவிட்டது. பட்டறையில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், என் பிள்ளையைப் பற்றி நான் பேசக் கூடாதா? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், “என்னுங்க மாப்ள, இந்தம்மாளுக்கு இத்தனை கிராக்கியா?” என்று மச்சான் புலம்பிக்கொண்டே வந்தார். வேறு டாக்டர் பார்க்கலாம் என்றுகூடப் பேசினோம். தாரணிதான் பின்சீட்டிலிருந்து, “எனக்கு இந்த டாக்டரே இருக்கட்டும்” என்றாள்.

அந்த வார்டில் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான். நர்ஸ் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளினால், “அவங்களைக் கேட்டீங்களா?” தலைமுடி கொட்டத் தொடங்கி, அம்மா மொட்டை அடிக்க ஆள் கூட்டி வந்தால், “அம்மணிகிட்ட கேட்டீங்களா?” பெற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்போம். பாதிப் பிள்ளைகள் தோளைக் குலுக்கிவிட்டு மொபைல் பார்க்கப் போய்விடும். அதற்கும் அவர் விடமாட்டார். “சரி, சொல்ல இஷ்டம் இல்லைன்னு சொல்றாங்க, அதையும் காதுல வாங்கிக்கங்க” என்பார்.

ஒருமுறை சேவை சங்கத்துக்காரர்கள் கேக், பலூன், போட்டோகிராபர் சகிதம் வந்தார்கள். கூடவே ஆஸ்பத்திரியின் டிரஸ்டி. பெரிய மில்காரர், பேசினால் வெல்லப்பாகு. மொட்டைத் தலைக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, நடுவில் கேக்கை வைத்து, சங்கத்தின் பேனரை விரித்தார்கள். டாக்டரம்மா வந்து நின்று பார்த்தார்.

“போட்டோ எடுக்கலாமான்னு இவங்ககிட்ட கேட்டீங்களா?”

“கொழந்தைங்கதானுங்க மேடம், என்ன கேக்கறது? சந்தோசப்படுமுங்க” என்றார் டிரஸ்டி.

டாக்டரம்மா ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். இரண்டு பேர் சரி என்றார்கள். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள், கேக் மட்டும் வேண்டும் என்றார்கள். பேனருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெரிய மனிதர்கள் நிற்க, நடுவில் இரண்டே குழந்தைகள் நிற்கிற போட்டோதான் கிடைத்தது. டிரஸ்டி சிரித்துக்கொண்டேதான் போனார். எங்கள் ஊரில் அப்படிச் சிரிக்கிறவர்களைப் பார்த்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவரைத் தெய்வம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் செய்ததும் தப்பாகப் போனதுண்டு. வெள்ளகோவிலிலிருந்து வந்த ஒரு பையன், “எனக்கு எதுவும் சொல்ல வேண்டாங்க, எங்கப்பாகிட்டச் சொல்லிருங்க” என்று சொல்லியும், இவர் விடாமல் உட்கார்ந்து ஸ்கேனில் என்ன வந்திருக்கிறது என்று விளக்கினார். பையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், சாப்பாட்டைத் தொடவில்லை. அவன் அம்மா அன்றைக்குச் சாபம் விட்டது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் இவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, “தப்புப் பண்ணிப்போட்டனுங்க. வேண்டாம்னு நீங்க சொன்னதை நான் கேட்டிருக்கோணும்” என்றார். அவன் திரும்பவில்லை. இவர் ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

தாரணிக்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, முடி வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், ரெட்டைச் சடை போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆறாம் வகுப்பு போகிற சமயத்தில் அது திரும்ப வந்தது. இந்த முறை நுரையீரலில். திரும்பி வந்த கட்டி பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படாது என்றார்கள். முதல் ஆபரேஷனில் எடுத்து வைத்திருந்த துண்டை எங்கேயோ அனுப்பிப் பரிசோதித்ததில், அந்தக் கட்டிக்குள் ஒரு ஜீன் கோளாறாகி, வளரு வளரு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது என்று தெரிந்தது. அந்த ஒன்றை மட்டும் குறிபார்த்து அடைக்கிற மாத்திரை இருக்கிறது. வெளிநாட்டில் பெரியவர்களுக்குப் புழக்கத்துக்கே வந்துவிட்டது, இங்கே கடையில் கிடையாது. குழந்தைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று இப்போதுதான் சோதனை தொடங்குகிறார்கள், அதில் ஒரு இடம் இருக்கிறது. தாரணியையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார், நாங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்று அவளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போயிருந்தோம். டாக்டரம்மா சொல்லச் சொல்ல என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

“கும்பிடாதீங்க. முழுசாக் கேளுங்க. இது மருந்துன்னு நான் சொல்லலை, சோதனைன்னு சொல்றேன். எந்த அளவு கொழந்தைக்குத் தாங்கும்னு பாக்கறதுக்காகக் குடுக்கறது. உங்க பொண்ணுக்குக் கேட்டா நல்லது. கேக்காமயும் போகலாம்.”

“அளவு பாக்கறதுக்கா எம் புள்ளை கெடைச்சா?” என்று நான் சத்தம் போட்டேன். ‘ங்க’ எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

“ஆமா. யாராவது ஒரு கொழந்தைகிட்டப் பாத்தாத்தான் தெரியும். பெரியவங்களுக்குத் தெரிஞ்சு இத்தனை நாளாச்சு, இவங்களுக்குப் பாக்க ஒருத்தனுக்கும் நேரம் இல்லை. எனக்கும் இதுதான் கோபம்.”

அன்றைக்கு அவர்மேல் எரிச்சலோடு பட்டறைக்கு வந்தவன், டெஸ்டிங் பெஞ்சு முன்னால் நின்றபோதுதான் அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஐந்து குதிரைசக்தி மோட்டாரை ஓட்டிப் பார்த்த ரீடிங்கை வைத்து அரைக் குதிரைசக்தி மோட்டாருக்கு எவனாவது சர்டிபிகேட் எழுதுவானா? நான் எழுதினால் வாங்கிய விவசாயி அடுத்த நாளே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் போடுவார். குழந்தைகளுக்கு வருகிற இந்தக் கட்டி அபூர்வம். அபூர்வமாக வருகிறவர்களிடம் வியாபாரம் இல்லை. அவர்களால் எதையும் தூக்கிக்கொண்டு வந்து யார் வாசலிலும் போடவும் முடியாது. அதனால்தான் பெரியவர்களுக்கு எல்லாம் முடிந்த பிறகு, மனசிருந்தால் இவர்கள் பக்கம் திரும்புகிறார்கள்.

இதற்கிடையில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். எங்கள் ஆட்களைத் தவிர யாரும் அப்படியொரு காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கம் பெண் எடுக்க, கிணறு வெட்ட, நிலம் வாங்க எதுவானாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. தாரணியைச் சோதனையில் சேர்க்கலாமா என்று கேட்க வெள்ளகோவில் பக்கத்துக் கோயிலுக்குப் போனோம். போன இடத்தில் பொட்டலம் எடுக்க வேறு குழந்தை யாரும் இல்லை.

“தாரணிதான் இருக்குதே. அதுக்குத்தான் நாம ஒண்ணுமே சொல்லலையல்ல, அதே எடுக்கட்டும்” என்றார் மச்சான்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதில் எங்களுக்கு அத்தனை நிம்மதி. கட்டி திரும்ப வந்ததையே சொல்லியிருக்கவில்லை. சளிக்கு ஸ்கேன் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். அவளும் போய் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தாள். பிரித்தார். செவ்வரளி. என் மனைவி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். தாரணி ஓடி வந்து, “அம்மா, தப்பா எடுத்துட்டனா?” என்று கேட்டாள். இல்லை கண்ணு, நல்லாத்தான் எடுத்தாய் என்று பொய் சொல்லி, பொரி வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தோம்.

மறுநாள் நானும் மச்சானும் டாக்டரம்மாவிடம் போய் வேண்டாம் என்று சொன்னோம். சாமி உத்தரவு இல்லை என்றால் படித்தவர்கள் சிரிப்பார்கள், அதற்கும் தயாராகத்தான் போனோம். அவர் சிரிக்கவில்லை.

“பொட்டலத்தை யாரு எடுத்தது?”

“தாரணிதானுங்க.”

“எதுக்கு எடுக்கறோம்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னா எப்பிடீங்க? தெரியாமத்தானுங்க எடுக்கோணும்” என்றார் மச்சான்.

அந்தம்மா மேசையில் அடித்த அடியில் பேனா ஸ்டாண்டு உருண்டு கீழே விழுந்தது. “உங்க சாமிகூட எனக்குச் சண்டை இல்லை. அவங்க உசுரு அது. இருக்கறதா போறதான்னு அவங்க கையாலயே எடுக்க வச்சிருக்கீங்க, எதுக்குன்னு சொல்லாம! அந்தச் சாமியா சொல்லுச்சு, சொல்லாதீங்கன்னு?”

“நீங்க மட்டும் என்னங்க பண்றீங்க? என்ற தங்கச்சி புள்ளைய எலியாட்டம் வெச்சுச் சோதிக்கறதுக்குத்தானுங்களே இத்தனை பேச்சு?” மச்சானும் எழுந்துவிட்டார்.

“எலியை யாரும் கேக்க மாட்டாங்க. நான் உங்க பொண்ணைக் கேக்காம ஒரு மாத்திரை குடுக்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னாலும் குடுக்க மாட்டேன். இப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு எங்களையும் அறையில் உட்கார வைத்துத்தான் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். கட்டி திரும்பி வந்ததை, எங்கே வந்திருக்கிறது என்பதை, உள்ளே ஒரு சுவிட்ச் மாட்டிக்கொண்டு ஆஃப் ஆகமாட்டேன் என்று நிற்பதை, அதை ஆஃப் செய்யப் பார்க்கிற மாத்திரையை, அந்த மாத்திரையால் வயிற்றுப்போக்கு வரலாம், தலை சுற்றலாம், இன்னும் தெரியாதது எதுவும்கூட வரலாம் என்பதை. என் மனைவி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தாரணி எங்களைப் பார்க்காமல் கேட்டாள். “அன்னிக்குப் பூ எடுத்தது இதுக்குத்தானுங்களா?”

“ஆமாங்க.”

“நான் செகப்பை எடுத்துட்டேன்னுதான் அம்மா அழுதுச்சா?”

“ஆமாங்க அம்மணி.”

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவள் டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, “மாத்திரை தின்னா எனக்கு நல்லாயிருமுங்களா?” என்று கேட்டாள்.

“தெரியாதுங்க கண்ணு. தெரிஞ்சா இப்பவே சொல்லிருவேன்.”

“நான் யோசிச்சுச் சொல்றேன்.”

யோசிக்கிறாளாம்! இடம் போய்விடும், வேறு ஊர்ப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் வெளியே வந்து குதித்தேன். டாக்டரம்மா அசையவில்லை. அவர் ஆளுக்கு ஆள் போன் செய்து சண்டை போட்டு அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும்.

தாரணி இரண்டு நாள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. பிறகு மாமனைக் கூப்பிட்டு, கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். திரும்பவும் பூக் கேட்கவா என்று அவர் தயங்கினார். “கேக்கறதுக்கில்ல மாமா. மாத்திரை திங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தர்லாம்” என்றாள். அவர் காரை எடுத்தார். போய்ச் சொல்லிவிட்டு வந்து, டாக்டரம்மாவிடமும் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். “எப்ப வேண்டாம்னு சொன்னாலும் நிறுத்திரோணும். எங்கப்பாகிட்டக் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டனுங்க” என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே.

முதல் மாதங்கள் படாதபாடு பட்டாள். சோறு இறங்கவில்லை, காலையில் எழுந்தால் தலை சுற்றியது. இரண்டு முறை அளவைக் குறைத்தார்கள். பிறகு ஒரு ஸ்கேனில் நுரையீரலில் இருந்த புள்ளிகள் சுருங்கியிருந்தன. அதையும் எங்களிடம் முதலில் சொல்லவில்லை அந்த அம்மா. கதவைத் திறந்து வந்து, நேரே தாரணியிடம் போய், “சுருங்கியிருக்குதுங்க” என்றார். தாரணி எங்களிடம் திரும்பி, “சுருங்கியிருக்காம்” என்றாள். அவள் வாயால் அதைக் கேட்டபோது நான் அழுதேன், மச்சானும் அழுதார்.

அடுத்த வருஷம், மாத்திரை நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த சமயத்தில், அதைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி கடையைக் கட்டியது. மருந்தில் குற்றம் எதுவும் இல்லை, பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுடைய ‘முன்னுரிமை’ மாறிவிட்டதாம். பெரியவர்களின் மருந்துகள் சிலவற்றில் பணத்தைப் போடப் போகிறார்களாம். குழந்தைகளின் சோதனையை நிறுத்துகிறோம், கையில் இருக்கிற மாத்திரை தீரும்வரை கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளை வைத்து அளவு பார்த்தாயிற்று, எழுதிக்கொண்டாயிற்று, பிறகு எழுந்து போகிறார்கள். ஒரு பட்டறைக்காரன் இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போனால் ஊரில் அவனுக்கு ஒருவன் வேலை கொடுக்க மாட்டான்.

டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். கம்பெனிக்காரர்களோடு மறுநாள் வீடியோவில் பேசப் போவதாகவும் சொன்னார்.

“நானும் பேசட்டுங்களா?” என்றாள் தாரணி.

“அதுக்கு விதி இல்லீங்க. சோதனைல இருக்கறவங்க யாருன்னு கம்பெனிக்குத் தெரியக் கூடாது. உங்களை ஒரு நம்பரா மட்டுந்தான் அவங்களுக்குத் தெரியும்.”

“அதனாலதான் நிறுத்தறாங்க” என்றாள் தாரணி.

இவள் விடவில்லை. என் முகம், நான் காட்டுகிறேன், உங்களுக்கென்ன என்றாள். நானும் என் மனைவியும் சரி என்றோம். “இதுல எனக்குத் தொந்தரவு வரும். அது உங்க கவலை இல்லை, ஆனா தெரிஞ்சுக்கங்க” என்று மட்டும் சொன்னார் டாக்டரம்மா.

மறுநாள் லேப்டாப்பில் மூன்று சதுரங்கள். இரண்டு ஆண்கள், ஒரு வெள்ளைக்கார அம்மா. இங்கிலீஷில் எத்தனை மரியாதை! குழந்தைகளின் நலன்தான் எங்கள் முதல் அக்கறை, மிகவும் வருந்துகிறோம், கடினமான முடிவு என்று வரிசையாக வந்தது. நம் ஊர் ‘பாத்துக்கலாமுங்க’ளுக்குக் கொஞ்சமும் குறையாத பேச்சு. டாக்டரம்மா அவர்கள் முடிக்கும்வரை கேட்டார். பிறகு லேப்டாப்பைத் தூக்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாரணியின் பக்கம் திருப்பி வைத்தார். “இந்த முடிவை இவங்ககிட்டச் சொல்லுங்க” என்று இங்கிலீஷில் சொன்னார்.

தாரணி இரவெல்லாம் இங்கிலீஷில் மனப்பாடம் செய்திருந்தாள். அது அத்தனையும் மறந்துபோய்த் தமிழிலேயே கேட்டாள். “மாத்திரை எனக்குக் கேக்குது. அப்புறம் ஏனுங்க நிறுத்தறீங்க?”

டாக்டரம்மா அதை அப்படியே மொழிபெயர்த்தார். ஒரு சதுரம் உடனே இருட்டாகிவிட்டது. இன்னொருவர் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அந்த வெள்ளைக்கார அம்மா மட்டும் கேமராவை அணைக்காமல் தாரணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “எனக்குத் தெரியவில்லை” என்றார். அந்தக் கூட்டத்தில் உண்மை பேசியது அவர் ஒருவர்தான்.

சில நாள் கழித்துச் செய்தி வந்தது. ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகளுக்கு மாத்திரை தொடரும். புதிதாக யாரையும் சேர்க்க மாட்டார்கள். அடுத்த வாரமே சத்தியமங்கலத்திலிருந்து ஒருவர், தன் மகனின் பரிசோதனை முடிவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அதே ஜீன், அதே கோளாறு. டாக்டரம்மா அந்தப் பையன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவனிடம் கேட்க அவருக்கு ஒரு கேள்வி இல்லை. இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். ஸ்டோர் ரூமுக்குள் போய் அவர் இரும்பு பீரோவைக் குத்திய சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

கம்பெனியிலிருந்து புகார் வந்தது. சோதனையில் இருக்கிற ஒரு குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டுவிட்டாராம், குழந்தையைக் காட்டி மிரட்டினாராம். ஆஸ்பத்திரி ஒரு கமிட்டி போட்டது. அவிநாசி ரோட்டில் அதே ஆஸ்பத்திரியின் விளம்பரப் பலகையில் ஒரு மொட்டைத் தலைக் குழந்தை ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அது யார் வீட்டுப் பிள்ளை, யார் அதைக் கேட்டார்கள் என்று விசாரிக்க இதுவரை ஒரு கமிட்டியும் போட்டதில்லை.

விசாரணை நாளன்று தாரணி தானாகவே யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, ரெட்டைச் சடையில் ரிப்பன் கட்டி வந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள் அது. கான்பரன்ஸ் ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே என்னைக் கூப்பிட்டார்கள். நீள மேசை, முறுக்கு, காபி. டிரஸ்டியும் இருந்தார்.

“டாக்டர் உங்களை வற்புறுத்துனாங்களாங்க? தைரியமாச் சொல்லுங்க. நாங்க இருக்கறோமுங்க.”

“யாரும் வற்புறுத்தலீங்க. என்ற பொண்ணுதான் பேசறேன்னு சொன்னா. அவளைக் கூப்புட்டுக் கேளுங்க, வெளியிலதான் உக்காந்திருக்கறா.”

“கொழந்தைய எதுக்குங்க இதுல இழுத்துக்கிட்டு? அதுக்கு என்னங்க தெரியும்? அதோட பாதுகாப்புக்குத்தானுங்களே நாம இத்தனை பேர் உக்காந்திருக்கறோம்” என்றார் டிரஸ்டி, என் பக்கம் முறுக்குத் தட்டை நகர்த்தியபடி.

நான் தட்டைத் தள்ளிவிட்டு, அவளைக் கேட்காமல் என்ன மண்ணாங்கட்டி விசாரணை என்று கத்தினேன். பதற்றப்படாதீங்க என்று தண்ணீர் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். பிறகு என் மனைவியை, பிறகு இரண்டு நர்ஸ்களை, கடைசியாக டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவரைச் சோதனைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு, வேறொருவர் கையில் மாத்திரையைக் கொடுத்தார்கள். டாக்டரம்மா கொஞ்ச நாளில் ஊரை விட்டே போனார். தாரணி இன்றைக்கும் அந்த மாத்திரையைத்தான் சாப்பிடுகிறாள், எத்தனை நாளைக்குக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. புது டாக்டர் நல்ல மனிதர். அவள் எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்கிறார்.

அன்றைக்கு அந்த ஹால் கதவு திறந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். டிரஸ்டி பெஞ்சருகில் நின்று, தாரணியின் தலையைத் தடவி, “நல்லாப் படிக்கோணும் கண்ணு” என்று சொல்லிவிட்டு லிப்டுக்குப் போனார். மற்றவர்களும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒவ்வொருவராக அவர் பின்னால் போனார்கள். ஹாலுக்குள் ஆள் ஒருவர் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார், இன்னொருவர் ஏசியை அணைத்தார்.

தாரணி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அடுத்தது நாந்தானுங்களேப்பா?” என்றாள்.